துப்பாக்கியும் சட்டசபையும்

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்து ஸ்ரீவராகம் என்னும் பகுதி அமைந்துள்ளது. பரந்ததொரு குளமும், அதன் அருகே லட்சுமி வராகர் கோயிலும் இப்பகுதிக்குப் பெயரும் பெருமையும் தந்துள்ளன. கடலில் ஆழ்ந்த பூமியைத் தன் கோரைப் பல்லால் ஏந்தி மீட்ட பன்றி வடிவத்தை இங்கே நாம் வணங்குகிறோம். மலையோர மாவட்டங்களிலோ, அதே வடிவங்கொண்ட விலங்கு இரவோடிரவாக மரவள்ளித் தோட்டத்தை உழுது போட்டுவிட்டுப் போகிறது என்று குடியானவர்கள் முறையிடுகின்றனர். கோயிலில் பூமியைக் காத்தவன் காட்டோரத்தில் பூமியைக் கெடுப்பவனாக நிற்கிறான். அவனைச் சுட்டு வீழ்த்த யாருக்கு உரிமை, அவ்வுரிமையை அளிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி, இங்கிருந்து சில கல் தொலைவில் பாளையத்தில் கூடும் கேரளச் சட்டசபையின் முன் வந்து நின்றது. அக்கேள்விக்குக் கிடைத்த விடையையும், அவ்விடை சென்ற வழியையும் இன்று நாம் சற்று ஆராய்வோம்.

பிற ராஜ்யங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் அக்கறை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வயநாடு ஆகிய மலைப்பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வேலைக்குப் புறப்படும் விடியற்காலையிலும், வீடு திரும்பும் அந்திப் பொழுதிலும், யானையும் சிறுத்தையும் பன்றியும் உலவும் பாதையில் அவர்கள் நடக்க வேண்டியுள்ளது. குடகில் காப்பித் தோட்டங்களிலும் நம்மவர் நிலை இதுவே. நகரங்களில் வாழ்வோருக்கும் இப்பொருள் அயலானதன்று. நாம் வாக்களிக்கும் சட்டசபைக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, எந்த எல்லையில் அது முடிகிறது என்பதை இந்த ஒரு விஷயம் தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் கடல் கடந்த ஒரு நாட்டை நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் சட்டத்தில் 1791-ஆம் ஆண்டு செய்யப்பட்ட இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. ஆனால் அவ்வுரிமையை எவ்விதம் பயன்படுத்துவது, எவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எந்த இடத்தில் துப்பாக்கியுடன் செல்லலாகாது என்பவற்றை அங்குள்ள ராஜ்யச் சட்டசபைகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகவே ஆண்டுதோறும் அச்சபைகளில் துப்பாக்கி பற்றிய மசோதாக்கள் வந்தவண்ணம் உள்ளன. நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறிய ராஜ்யத்தில், அனுமதிச் சீட்டின்றித் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இடந்தரும் மசோதாவைச் சட்டசபை 2015-லும் 2016-லும் நிறைவேற்றியது. இருமுறையும் கவர்னர் மாகி ஹாசன் அதனை நிராகரித்தார். அடுத்து வந்த கவர்னர் கிறிஸ் சுனுனு 2017 பிப்ரவரியில் அதே நோக்கமுள்ள மசோதாவில் கையொப்பமிட்டார். மசோதாவின் கருத்து ஒன்றே. கவர்னர் மாறியதும் அதன் கதி மாறிற்று. 2024-ஆம் ஆண்டு முடிவதற்குள் இத்தகைய சட்டமுடைய ராஜ்யங்கள் 29 ஆகிவிட்டன.

நம் நாட்டின் வரலாறு வேறு திசையில் சென்றது. தென்னாட்டில் ஆயுதம் பறிக்கப்பட்ட கதையை நாம் நன்கு அறிவோம். 1799-இல் கட்டபொம்மனும், 1801 அக்டோபரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்ட பின், 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களின் மக்கள் தங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென அது கட்டளையிட்டது. பாளையக்காரர்களின் கோட்டைகளும் இடிக்கப்பட்டன. முக்கால் நூற்றாண்டுக்குப்பின், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. இந்தியன் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்கலாம்; ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. ஒரு நாட்டில் பிறந்தவன் கைகட்டி நிற்க, வந்தேறியவன் துப்பாக்கியோடு உலவலாம் என்ற இவ்வேற்றுமை, தேசபக்தர்கள் உள்ளத்தில் தீராத வடுவாயிற்று.

அவ்வடுவின் விளைவாகவே, 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது. சுதந்தரம் வந்தபின், 1948 டிசம்பர் முதல் வாரத்தில், அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையை அரசியல் சட்டத்திலேயே சேர்க்க ஒரு திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும் இவ்வுரிமையை அடிப்படை உரிமையாக வழங்கினால், குற்றத்தையே தொழிலாகக் கொண்டவனும் அதனைக் கோருவானே என்பது அவர் எடுத்துக்காட்டிய இடர்ப்பாடு. திருத்தம் தோற்றது. அன்றே இந்நாட்டில் துப்பாக்கி உரிமை என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டுவிட்டது. பேச்சுரிமை போன்றோ வழிபாட்டுரிமை போன்றோ நாம் துப்பாக்கியைக் கோர இயலாது. சர்க்கார் வழங்கும் உரிமத்தின்பேரில் மட்டுமே அது நம் கைக்கு வரும்.

இதனோடு மற்றொன்றையும் அரசியல் சட்டம் செய்தது. சட்டமியற்றும் அதிகாரத்தை மத்தியப் பட்டியல், ராஜ்யப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்து, ஆயுதம், துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றை மத்தியப் பட்டியலின் 5-ஆவது இனமாக வைத்தது. ஆகவே கேரளச் சட்டசபையின் 140 உறுப்பினர்களும் ஒருமுகமாக விரும்பினாலும், துப்பாக்கி உரிமையை விரிக்கவோ சுருக்கவோ ஒரு மசோதாவை நிறைவேற்ற அவர்களுக்கு அதிகாரம் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டசபைக்கும், நாம் வாழும் வேறெந்த ராஜ்யத்தின் சட்டசபைக்கும் இதே நிலைதான். இவ்விஷயத்தில் நாடு முழுவதற்கும் பாராளுமன்றம் ஒன்றே சட்டம் செய்யும். அது 1959-இல் செய்த ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்தது.

அச்சட்டத்தில் பயிரிடுவோன் முற்றிலும் மறக்கப்படவில்லை. 13-ஆவது பிரிவு, பயிரைக் காப்பதற்காக உண்மையாகவே வேண்டுவோருக்கு, குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் அளிக்க இடம் செய்துள்ளது. நமக்கு அண்டையிலுள்ள குடகு நாட்டிலோ, கொடவர் இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் பிரிட்டிஷ் காலம் முதலே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய சர்க்கார் அவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. அவ்விலக்கு அக்குறிப்பிட்ட வகுப்பினருக்கே உரியது. குடகில் வேலை செய்யப் போன நம்மவருக்கு அது பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றிச் சட்டசபை வாய்திறக்க இயலாதெனில், பாளையத்துச் சபையின் முன் அக்கேள்வி எவ்வாறு வந்தது? அது வேறொரு வாயில் வழியே வந்தது. துப்பாக்கியின் உரிமையை ராஜ்யம் தீர்மானிக்க இயலாது. ஆனால் அத்துப்பாக்கி எந்த விலங்கை நோக்கித் திரும்பலாம் என்பதில் ராஜ்யத்துக்கும் ஓரளவு பங்கு உண்டு.

வன விலங்குகளின் பாதுகாப்பு தொடக்கத்தில் ராஜ்யப் பட்டியலில் இருந்தது. பல ராஜ்யங்கள் தீர்மானம் நிறைவேற்றி வேண்டிக்கொண்டதன் பேரில், பாராளுமன்றம் 1972-இல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் செய்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், காடுகளையும் வன விலங்குகளின் பாதுகாப்பையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பொதுப் பட்டியலிலுள்ள விஷயத்தில் மத்திய சட்டமும் ராஜ்யச் சட்டமும் முரண்பட்டால், மத்திய சட்டமே நிற்கும். ஆயினும் 254-ஆவது ஷரத்தில் ஒரு சலுகை உண்டு. ராஜ்யச் சட்டசபை நிறைவேற்றிய மசோதா ஜனாதிபதியின் பரிசீலனைக்கு வைக்கப்பட்டு, அவர் சம்மதமும் பெற்றுவிட்டால், அந்த ராஜ்யத்தில் மட்டும் அதுவே செல்லும். அவ்வாறு சம்மதம் பெற்ற சட்டத்தையும் பின்னர் மாற்றவோ நீக்கவோ பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. எனினும் 11-ஆவது பிரிவில் தலைமை வன விலங்குக் காப்பாளருக்கு ஓர் அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. முதல் அட்டவணையிலுள்ள யானை, புலி முதலியவை மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டன என்றும், பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ இயலாதென்றும் அவர் கருதினாலன்றி அவற்றைக் கொல்ல உத்தரவிடக் கூடாது. அடுத்த அட்டவணையிலுள்ள விலங்குகள் உயிருக்கோ, நிற்கும் பயிருக்கோ கேடு செய்தால் அவற்றை வேட்டையாட அவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ அனுமதிக்கலாம். காட்டுப்பன்றி இவ்வகுப்பில் அடங்கும். 62-ஆவது பிரிவின்படி, இத்தகைய விலங்கு ஒன்றை ஒரு பகுதியில் ஒரு காலத்துக்குத் தீங்குயிர் என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காரிடமே உள்ளது. அவ்வாறு அறிவித்தால், அதைக் கொல்லத் தனி அனுமதி வேண்டியதில்லை.

பீகாரில் 2015-லும் உத்தராகண்டில் 2016-லும் காட்டுப்பன்றியை மத்திய சர்க்கார் இவ்வாறு சில காலத்துக்கு அறிவித்தது. கேரளமும் பலமுறை வேண்டிற்று. மத்திய சர்க்கார் இசையவில்லை. 2021 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், தன்னிடம் வழக்குத் தொடுத்த சில விவசாயிகளுக்கு, தங்கள் நிலத்தில் புகும் பன்றியைக் கொல்ல அனுமதியளித்தது. 2022 மே மாதத்தில் கேரள மந்திரிசபை ஒரு வழியைக் கண்டது. உள்ளாட்சி மன்றத் தலைவர்களைக் கௌரவ வன விலங்குக் காப்பாளர்களாக நியமித்து, பயிரைக் கெடுக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை அவர்களிடம் ஒப்படைத்தது. சுடுபவர் உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவராக இருத்தல் வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றால் கொல்லுதல் கூடாது. காட்டின் எல்லைக்குள் சென்று சுடுதலும் கூடாது. இறந்த விலங்கை முறைப்படி புதைத்துவிட வேண்டும்.

தமிழ்நாடு இதே கேள்விக்கு வேறு விடை கண்டது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் வனத்துறைப் பணியாளரே சுடலாம். கேரளம் உரிமம் பெற்ற குடிமகனின் துப்பாக்கியை நம்பிற்று. தமிழ்நாடு சர்க்கார் ஊழியரின் துப்பாக்கியை மட்டுமே நம்பிற்று. ஒரே மத்திய சட்டத்தின் கீழ் அண்டை ராஜ்யங்கள் இரண்டும் இவ்விதம் இருவேறு வழிகளை மேற்கொண்டன.

கேரளத்தில் துயரம் அத்துடன் நிற்கவில்லை. 2016-17 முதல் 2025 ஜனவரி வரையுள்ள காலத்தில் வன விலங்குகளால் 900-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பது ராஜ்ய சர்க்காரின் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் பாம்பு கடித்து மாண்டவர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 941 கிராமப் பஞ்சாயத்துகளில் 273 பஞ்சாயத்துகள் மனிதரும் விலங்கும் மோதும் இடங்களாகக் கண்டறியப்பட்டன. 2024 பிப்ரவரியில், வயநாட்டில் யானையால் ஓர் உயிர் பறிபோன சில நாட்களில், மத்திய சட்டத்தைத் திருத்துமாறு சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த மாதம் இம்மோதல் ராஜ்யத்தின் பேரிடர்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

தீர்மானம் பயன் தராததைக் கண்ட சர்க்கார், தன் சபையிலேயே திருத்த மசோதா கொண்டுவரத் துணிந்தது. வன விலங்குப் பாதுகாப்புக் கேரளத் திருத்த மசோதா 2025 அக்டோபர் 8-ஆம் தேதி நிறைவேறிற்று. அதன் முக்கிய அம்சங்கள் மூன்று. மக்கள் வாழும் இடத்தில் விலங்கு ஒன்று எவரையேனும் கடுமையாகக் காயப்படுத்தினால், கலெக்டர் அல்லது உயர் வன அதிகாரியின் அறிக்கையின் பேரில், தலைமை வன விலங்குக் காப்பாளர் காலதாமதமின்றிக் கொல்ல உத்தரவிடலாம் என்பது ஒன்று. இரண்டாவது அட்டவணை விலங்கைத் தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரத்தை ராஜ்ய சர்க்காரும் பெறுதல் இரண்டாவது. முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள நாட்டுக் குரங்கை இரண்டாவதற்கு இறக்குதல் மூன்றாவது. துப்பாக்கி என்ற சொல்லைப் பற்றிய சட்டமன்று இது. ஆயினும் மலைநாட்டில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கிகளுக்கு இது எவ்வளவு பொருளுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சபையில் நிறைவேறியதாலேயே மசோதா சட்டமாகிவிடாது. மத்திய சட்டத்துக்கு முரணான பகுதிகள் செல்ல வேண்டுமெனில் ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும். இங்கேதான் ராஜ்யச் சட்டசபைகளின் மசோதாக்கள் பலவும் தங்கள் விதியைச் சந்திக்கின்றன. அவற்றுட் சிலவற்றை எடுத்துக்காட்டாக நோக்குவோம்.

கேரளம் பிறந்த மறு ஆண்டே, 1957 செப்டம்பரில், கல்வி மசோதா இச்சபையில் நிறைவேறிற்று. கவர்னர் அதனை ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டார். 1958 மே மாதத்தில் கோர்ட்டு சில பகுதிகளைக் குறை கூறிற்று. சபை மசோதாவைத் திருத்தியது. 1959 பிப்ரவரியில்தான் சம்மதம் கிடைத்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயணம்.

நமது ஜல்லிக்கட்டு மசோதாவின் கதை இதற்கு நேர்மாறானது. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் மத்திய சட்டத்துக்குத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2017 ஜனவரி 23-ஆம் தேதி திருத்தம் நிறைவேற்றியது. அம்மாதம் முடிவதற்குள் ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்துவிட்டது. 2023 மே 18-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதனைச் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. மெரினாக் கடற்கரையில் திரண்ட மக்களின் குரல் டில்லிக்குக் கேட்டதே அவ்வேகத்துக்குக் காரணம். நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரிய மசோதாவோ, அதே சட்டசபையில் 2021-லும், திருப்பியனுப்பப்பட்டபின் 2022-லும், இருமுறை நிறைவேறியும், சம்மதம் மறுக்கப்பட்டதென 2025 ஏப்ரலில் சபையில் அறிவிக்கப்பட்டது. ஷரத்தும் ஒன்று, சபையும் ஒன்று, கதியோ இரண்டு.

கவர்னரிடமும் ஜனாதிபதியிடமும் மசோதாக்கள் எவ்வளவு காலம் காத்துக் கிடக்கலாம் என்ற வினா 2025-இல் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. ஏப்ரல் 8-ஆம் தேதி, தமிழ்நாட்டின் வழக்கில், காலவரம்பு உண்டு என்றும், தேங்கிக் கிடந்த 10 மசோதாக்கள் சம்மதம் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றும் இருவர் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. ஆனால் ஜனாதிபதி கேட்ட கருத்துக்கு விடையாக, நவம்பர் 20-ஆம் தேதி ஐவர் கொண்ட பெஞ்சு, கோர்ட்டு இவ்வாறு காலவரம்பு விதிக்கவோ, சம்மதம் கிடைத்ததாகக் கருதவோ இயலாது என்று கூறிற்று. காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருந்தால் மட்டும், முடிவெடுக்குமாறு கோர்ட்டு பணிக்கலாம் என்றும் உரைத்தது. ஆகவே மசோதா ஒன்று டில்லிக்குச் சென்றபின், அது திரும்பும் நாளைச் சபை குறிக்க முடியாது.

சபையின் வாசலை எட்டுவதற்கு முன்பே மடிந்த மசோதாவும் உண்டு. வன அதிகாரிகளின் கைது செய்யும் அதிகாரத்தை விரிக்கக் கருதிய கேரள வனத் திருத்த மசோதா மலையோர மக்களின் அச்சத்தைக் கிளப்பிற்று. 2025 ஜனவரியில் அதனைத் தொடரப் போவதில்லை என முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். காடு சார்ந்த மசோதாக்களில், மக்கள் குரலுக்குச் செவிசாய்த்து ஒன்று கைவிடப்பட்டது. அதே குரலுக்குச் செவிசாய்த்து அதே ஆண்டில் மற்றொன்று நிறைவேறியது.

இனி, இருபக்க நியாயங்களையும் சீர்தூக்குவோம். பயிரிடுவோன் கூறுவது எளிதில் தள்ளத்தக்கதன்று. அரை ஏக்கரில் மரவள்ளியும் சேம்பும் வாழையும் வைத்தவன், ஓரிரவில் ஆண்டு முழுவதற்குமான உணவை இழக்கிறான். பன்றி ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும் இயல்புடையது. உழாமல் விடப்பட்ட வயல்களும், வெட்டாமல் புதர் மண்டிய ரப்பர்த் தோட்டங்களும் அதற்கு மறைவிடமாகின்றன. நம் முன்னோர் குறிஞ்சி நிலத்தில் பரண் அமைத்து, கவண் கல் எறிந்து தினைப்புனத்தைக் காத்தனர். அங்ஙனம் இரவெல்லாம் விழித்திருக்க இன்று வீட்டில் ஆளில்லை. பிள்ளைகள் நகரத்துக்கோ வளைகுடா நாட்டுக்கோ சென்றுவிட்டனர்.

மறுபக்கத்தாரின் அச்சமும் வீணானதன்று. காட்டுப்பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. இரை குறைந்தால் அவை மாட்டுத் தொழுவத்தை நாடும். பன்றிக்கு வைத்த கண்ணி பன்றியைத் தேர்ந்து பிடிப்பதில்லை. 2020 மே மாதத்தில் பாலக்காட்டுப் பகுதியில், வெடிமருந்து வைத்த தீனியைக் கடித்த கருவுற்ற யானை ஒன்று, வாய் சிதைந்து ஆற்று நீரில் நின்றபடியே உயிர் நீத்த செய்தி உலகை உலுக்கிற்று. கட்டுப்பாடு தளர்ந்தால் இரவில் சுடும் குண்டு மனிதரையும் தாக்கக்கூடும். தீங்குயிர் என்று ஒருமுறை பெயரிட்டால், அனுமதியும் கணக்கும் மேற்பார்வையும் மறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

இவ்விரு பக்கத்தாரும் பெரும்பாலும் பேசாத ஒன்றை நாம் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். உரிமம் பெற்ற துப்பாக்கி யாரிடம் இருக்கிறது? அதன் விலையும், உரிமத்துக்கு அலையும் அலைச்சலும், தோட்டாவின் செலவும் தோட்டத் தொழிலாளிக்கோ கூலி விவசாயிக்கோ எட்டுவன அல்ல. சுட அனுமதி கிடைத்தாலும், சுடுபவரைத் தேடி அவன் காத்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு; பன்றிக்குத் தேர்தல் தெரியாது. ஆகவே, சுடும் அனுமதியை எவ்வளவு விரித்தாலும், அதன் பயன் ஏழையை அடையப் பஞ்சாயத்தின் ஏற்பாடே வேண்டும். வேலி, அகழி, விரைவில் வரும் நஷ்டஈடு, அழைத்தவுடன் வந்து நிற்கும் வனக் காவலர் ஆகியவை துப்பாக்கியைவிட அவனுக்கு நெருக்கமான பாதுகாப்பு. அவற்றுக்கு ஜனாதிபதியின் சம்மதம் வேண்டியதில்லை. ராஜ்யத்தின் பணப்பெட்டி திறந்தால் போதும்.

மலைநாட்டில் வாழும் நம் தமிழ்ச் சகோதரர்கள் சில நடைமுறைகளை அறிந்திருத்தல் நலம். தன்னையோ பிறரையோ காக்கும் பொருட்டு, நல்லெண்ணத்துடன் வன விலங்கைக் கொல்லவோ காயப்படுத்தவோ நேர்ந்தால், அது குற்றமாகாதென 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவே கூறுகிறது. இப்பாதுகாப்பு உயிரைக் காப்பதற்கு மட்டுமே. பயிரைக் காப்பதற்கு இது பொருந்தாது. பயிருக்காகப் பன்றியைச் சுட வேண்டுமாயின், கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவரிடம் முறையிட்டு அனுமதி பெறும் வழியே சட்டத்துக்கு உகந்தது. உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பது, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், குறைந்தது இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். மின்கம்பி கட்டிய வேலி விலங்கைக் கொல்வதோடு, அவ்வழியே நடந்த அண்டை வீட்டாரையும் கொன்றுவிடக்கூடும். ஒரு மூட்டை மரவள்ளிக்காக ஒரு குடும்பம் அழிய வேண்டாம்.

நேயர்களே, அமெரிக்கச் சபைகளில் துப்பாக்கி மசோதா குடிமகனின் உரிமையைப் பற்றியது. நம் சபைகளில் அது உயிரையும் உணவையும் காக்கும் கடமையைப் பற்றியது. உயிர் வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து ஒவ்வொருவருக்கும் அளித்துள்ளது. அதனைக் காக்கும் பொறுப்பைப் பட்டியல்களாகப் பிரித்தது ஆட்சியின் வசதிக்காக. காட்டோரத்துக் குடிசையில் இரவில் விழித்திருப்பவனுக்கு, மத்தியப் பட்டியல் என்றும் பொதுப் பட்டியல் என்றும் சொல்லும் விடை ஆறுதல் தராது. ராஜ்யம் மத்தியைச் சுட்டவும், மத்தி ராஜ்யத்தைச் சுட்டவும், இடையில் அவன் நிலம் பாழாகலாகாது.

இதில் நம்மால் ஆவது யாது? நாம் எந்த ராஜ்யத்தில் வாழினும், அங்கே வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருத்தல் வேண்டும். வாக்குக் கேட்டு வரும் சட்டசபை வேட்பாளரிடம் சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதையும், பாராளுமன்ற வேட்பாளரிடம் பாராளுமன்றத்துக்கு உட்பட்டதையும் கேட்டுப் பெற வேண்டும். துப்பாக்கி உரிமத்தைப் பற்றிச் சட்டசபை உறுப்பினர் வாக்குறுதி தந்தால், அது அவர் கையில் இல்லை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். வேலியும் நஷ்டஈடும் தன் கையில் இல்லை என்று அவர் சொன்னால், அது உண்மையன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எந்த மசோதா எந்த வாசலில் நிற்கிறது என்று அறிந்து கேட்கும் வாக்காளனுக்கு மழுப்பலான விடை கூறுவது எளிதன்று.